அடுத்த பங்க் 365 கி.மீ! லடாக் ரூட்டில் பைக் மக்கர் பண்ணினால் என்ன செய்வீங்க?

'வாழ்க்கையில ஒரு தடவையாவது லடாக் போயிடணும்' - பைக் வெச்சிருக்கிற பாதிப் பேருடைய பக்கெட் லிஸ்ட்டில் இது இருக்கும். ரைடிங் ஜாக்கெட், கேமரா, ஹெல்மெட்ல ஒட்டுற ஸ்டிக்கர்னு எல்லாத்துக்கும் மாசக்கணக்கில் பிளான் பண்ணுவோம். ஆனா, 'நடுவழியில் கிளட்ச் வயர் அறுந்தா என்ன பண்ணுவ?' என்று யாராவது கேட்டால், 'அப்போ பார்த்துக்கலாம் மச்சி' என்பதுதான் பதிலாக இருக்கும்.

நம்ம ஊரில் அந்தப் பதில் செல்லும். உளுந்தூர்பேட்டையில் பைக் நின்றால் அரை மணி நேரத்தில் ஒரு மெக்கானிக் அண்ணன் கிடைத்துவிடுவார். மணாலி - லே சாலை அப்படியில்லை. அடல் சுரங்கம் வழியாகப் போனால் சுமார் 430 கி.மீ. சுரங்கத்தைத் தாண்டி டாண்டி என்ற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க் வரும். 'அடுத்த பெட்ரோல் பங்க் 365 கி.மீ தொலைவில்' என்று அங்கே ஒரு போர்டு உண்டு. எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள். உண்மையில் அது போட்டோவுக்கான போர்டு இல்லை, எச்சரிக்கை. லேவுக்குக் கொஞ்சம் முன்னாடி காருவில் ஒரு பங்க் இருக்கிறது என்றாலும், இடையில் 300 கி.மீ-க்கும் மேல் நீங்களும் உங்க பைக்கும்தான்.

அந்த இடைவெளியில் பைக் நின்றால் என்ன செய்யணும், பையில் என்ன இருக்கணும்? கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிட்டு, போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. ஏன் ஸ்க்ரீன்ஷாட்? பெரும்பாலான இடங்களில் நெட் இருக்காது பாஸ்!

முதல்ல ஆள்... அப்புறம்தான் பைக்!

பைக் நின்றதும் உடனே ஸ்பேனரைத் தேடாதீங்க. முதலில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, இடம். வளைவிலோ, கல் உருளும் சரிவுக்குக் கீழேயோ நின்றிருந்தால், ரிப்பேரை ஆரம்பிக்கும் முன் பைக்கைத் தள்ளிக்கொண்டுபோய், எதிரில் வரும் லாரிக்காரர் தூரத்திலிருந்தே பார்க்கக்கூடிய இடத்தில் நிறுத்துங்கள்.

இரண்டு, வெளிச்சம். சூரியன் மறைய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது? இந்த ரூட்டில் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். மாலை ஆனதும் குளிர் சட்டென இறங்கிவிடும். கோடையிலேயே பல இடங்களில் இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு அருகில் போகும்.

மூன்று, உடம்பு. டங்லங் லா கணவாயின் உயரம் 5,328 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அந்த உயரத்தில் 200 கிலோ பைக்கை 50 மீட்டர் தள்ளினாலே மூச்சு வாங்கும். தலைவலி, வாந்தி, நடக்கும்போது தள்ளாட்டம், குழப்பமான பேச்சு - இதில் எது தெரிந்தாலும் ரிப்பேரை மறந்துவிடுங்கள். அந்த நண்பரை வருகிற வண்டியில் ஏற்றி, உயரம் குறைவான இடத்துக்கு இறக்குவதுதான் முதல் வேலை. தனியாக அனுப்பக் கூடாது, கூட ஒருவர் போகணும். பைக்கை நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்.

இதுக்கு ஒரு எளிய கணக்கு வெச்சுக்கோங்க: மதியம் 2 மணிக்கு மேல் பைக் நின்று, ஒரு மணி நேரம் முயன்றும் சரியாகவில்லையா? அதோடு நிறுத்திவிட்டு, தங்குமிடத்துக்குப் போகும் வழியைத் தேடுங்கள். 'இன்னும் கொஞ்சம்தான், முடிஞ்சிடும்' என்கிற எண்ணம்தான் பலரை இருட்டில், குளிரில், 4,500 மீட்டருக்கு மேல் மாட்டிவிடுகிறது.

என்ன கோளாறுன்னு கண்டுபிடிப்பது எப்படி?

இன்ஜின் ஓட நான்கு விஷயங்கள் வேணும்: பேட்டரி, பெட்ரோல், காற்று, ஸ்பார்க். இந்த வரிசையிலேயே பாருங்கள். அதுக்கும் முன்னாடி, சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றும் மூன்று செக் இருக்கிறது. கில் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கா? சைடு ஸ்டாண்டு மடக்கியிருக்கா? டேங்கில் பெட்ரோல் இருக்கா? சைடு ஸ்டாண்டு சென்சார் உள்ள பைக்குகளில் சேறு அடைத்தாலே இன்ஜின் கட் ஆகிவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பல நேரம் அங்கேயே பிரச்னை முடிந்துவிடும்.

சாவியைப் போட்டதும் மீட்டரே எரியவில்லையா? பேட்டரி டெர்மினல் நட்டைத் தொட்டுப் பாருங்கள். கரடுமுரடான ரோட்டில் நட்டு லூஸ் ஆவது சகஜம். அது சரியாக இருந்தால் அடுத்தது ஃப்யூஸ். அறுந்த ஃப்யூஸுக்குப் பதிலாக அதே ஆம்பியர் ஃப்யூஸைத்தான் போடணும். சிகரெட் அட்டை ஃபாயிலைச் சுற்றுவது, கம்பியை முறுக்கிவைப்பது எல்லாம் வேண்டாம். ஒயரிங் முழுக்கக் கருகினால் அதை அங்கே யாராலும் சரிசெய்ய முடியாது. புது ஃப்யூஸும் உடனே போய்விட்டால், எங்கேயோ ஒயர் உரசி ஷார்ட் ஆகிறது என்று அர்த்தம். ஹேண்டில்பார் திரும்பும் இடம், சீட்டுக்கு அடியில், கூடுதலாக மாட்டிய ஃபாக் லைட் ஒயர் - இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

மீட்டர் எரிகிறது, ஸ்டார்ட்டரை அழுத்தினால் 'டிக்... டிக்...' சத்தம் மட்டும் வருகிறதா? பேட்டரி வீக். இரண்டாவது கியரில் போட்டு, இறக்கத்தில் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். ஆனால், ஃப்யூல் இன்ஜெக்ஷன் பைக்கில் பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தால் தள்ளினாலும் பலன் இருக்காது. பெட்ரோல் பம்ப் ஓடவே கரன்ட் வேணும். சாவியைப் போட்டதும் டேங்க் பக்கம் ரெண்டு விநாடி 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் வருமே, அதுதான் பம்ப். அந்தச் சத்தத்தை ஊரிலேயே காது கொடுத்துக் கேட்டுப் பழகிக்கோங்க. அது வரவில்லை என்றால் பம்ப்பின் ஃப்யூஸ், ரிலே, கனெக்டர் பக்கம் போகலாம்.

'மேலே ஏறினதும் பைக் இழுக்கவே மாட்டேங்குது' என்பது பலரும் பயப்படும் விஷயம். இது கோளாறு இல்லை. காற்று மெலிந்திருப்பதால் எந்த இன்ஜினும் அங்கே சக்தி குறைந்துதான் ஓடும். இன்ஜெக்ஷன் பைக் பெட்ரோலை அதற்கேற்பத் தானே குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டர் பைக்குக்கு அது தெரியாது. கரும்புகை விடும், திணறும். ஏர் ஃபில்டரில் இருக்கும் தூசியைத் தட்டி எடுத்தால் கொஞ்சம் மூச்சு விடும். சின்ன கியரில் பொறுமையாக ஏறுங்கள். ஹாஃப் கிளட்ச்சில் உறுமவிட்டு ஏற்றினால் கிளட்ச் பிளேட் கருகிவிடும். இந்த ரூட்டில் பைக்கைக் கவிழ்க்கிற முக்கியமான வில்லன் இந்த ஹாஃப் கிளட்ச்தான்.

பஞ்சர்... இதைக் கத்துக்காம கிளம்பாதீங்க!

ட்யூப்லெஸ் டயர் என்றால் வேலை சுலபம். ஆணியைப் பிடுங்கி, ஓட்டையைக் கரகரவென்று தேய்த்து, ரப்பர் ஸ்ட்ரிப்பைக் குத்தி இறக்கி, காற்றடித்தால் முடிந்தது. ஆனால், டயரின் பக்கவாட்டில் கிழிந்தாலோ, கல்லில் மோதி ரிம் நெளிந்தாலோ ஸ்ட்ரிப் உதவாது. அதனால் ட்யூப்லெஸ் பைக்காக இருந்தாலும் ஒரு ட்யூப் கையில் இருக்கட்டும். வால்வைக் கழற்றிவிட்டு உள்ளே ட்யூபைப் போட்டு ஓட்டிவிடலாம்.

ஸ்போக் வீல், ட்யூப் டயர் என்றால் மூன்று டயர் லீவர், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி ட்யூப், பம்ப் கட்டாயம். ரிம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும் டயரைப் பிரிப்பதுதான் கஷ்டமான கட்டம். அதற்கு ஒரு வழி இருக்கிறது. கழற்றிய வீலைத் தரையில் படுக்கவைத்து, இன்னொரு பைக்கின் சைடு ஸ்டாண்டை டயர் ஓரத்தில் வைத்து, அந்த பைக்கை மெதுவாகச் சாய்த்தால் டயர் பிரிந்துவிடும். டிஸ்க் தரையில் படாமல் கீழே ஒரு ஜாக்கெட்டை மடித்துப்போடுங்கள். புது ட்யூபைப் போடுவதற்கு முன் டயருக்குள் கையுறையோடு தடவிப் பாருங்கள். முதல் ட்யூபைக் குத்திய முள் அங்கேயே இருந்தால் இரண்டாவதும் காலி. டயரை மாட்டும்போது லீவரில் ட்யூபைக் கிள்ளிவிடுவதும் அடிக்கடி நடக்கும். ட்யூபில் லேசாகக் காற்று வைத்துவிட்டு மாட்டினால் இதைத் தவிர்க்கலாம்.

ஒரு கூடுதல் தகவல்: சமவெளியில் சரியாக நிரப்பிய டயர், 5,000 மீட்டர் உயரத்தில் கேஜில் 6 - 7 பி.எஸ்.ஐ வரை கூடுதலாகக் காட்டலாம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் இப்படி. குளிரில் இது கொஞ்சம் குறையும். காலையில், டயர் சூடாவதற்கு முன் செக் பண்ணி, அதிகம் இருந்தால் இறக்குங்கள். ரொம்ப இறக்கிவிட்டால் கல்லில் மோதும்போது ரிம் நெளியும். கீழே இறங்கியதும் மறக்காமல் மறுபடி காற்று நிரப்பணும்.

ஓடையில் மூழ்கிய பைக்கை ஸ்டார்ட் பண்ணாதீங்க!

பனி உருகி சாலையின் குறுக்கே ஓடும் ஓடைகளை அங்கே 'நாலா' என்பார்கள். 'பாகல் நாலா' என்றே ஒன்று உண்டு. பைத்தியக்கார ஓடை என்று அர்த்தம். காலையில் கணுக்கால் அளவு ஓடும் நாலா, வெயில் ஏறி பனி உருகியதும் பிற்பகலில் முழங்கால் வரை வந்துவிடும். அதனால் நாலாக்களைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். முதல் கியர், சீரான ஆக்ஸிலேட்டர், பார்வை எதிர்க்கரையில். அவ்வளவுதான்.

பைக் விழுந்து, இன்ஜின் நின்றுவிட்டால், தண்ணீரிலேயே செல்ஃப் அடிப்பதுதான் எல்லோரும் பதற்றத்தில் செய்வது. தயவுசெய்து வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். கரைக்குத் தள்ளிவாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஈரம் இருந்தால் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிவிட்டு, ப்ளக் ஓட்டையிலிருந்து முகத்தை விலக்கிக்கொண்டு இன்ஜினைச் சுற்றவையுங்கள். தண்ணீர் பீய்ச்சி வெளியே வரும். முழுக்க வந்ததும் ப்ளக்கைத் துடைத்து மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். இன்ஜின் ஆயில் டீ கலரில் பால் போல மாறியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது. கரையேறியதும் பிரேக்கை இரண்டு, மூன்று முறை லேசாகப் பிடித்து ஈரத்தை உலர்த்திவிட்டுக் கிளம்புங்கள்.

அறுந்தா, உடைஞ்சா, ஒழுகினா...

கிளட்ச் வயர்: ஊரிலேயே ஒரு வேலை செய்துவிடுங்கள். புது வயரைப் பழைய வயருக்குப் பக்கத்திலேயே ஓட்டி, கேபிள் டை போட்டுக் கட்டிவிடுங்கள். பழையது அறுந்தால் இரண்டு முனையையும் மாற்றி மாட்டினால் போதும். டேங்கைக் கழற்ற வேண்டியதில்லை, பத்து நிமிஷ வேலை.

செயின்: செயின் அறுந்தால், உடைந்த கண்ணியை எடுத்துவிட்டு ஸ்பேர் செயின் லாக்கைப் போடலாம். செயின் கட்டர் சின்னதாக ஒன்று வேணும். லாக் கிளிப்பின் மூடிய பக்கம், செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்கணும். திருப்பிப் போட்டால் கிளிப் கழன்று பறந்துவிடும்.

லீவர்: கீழே விழுந்தால் முதலில் உடைவது கிளட்ச், பிரேக் லீவர்கள்தான். இரண்டும் எடை குறைவு. ஒவ்வொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் லீக்: கல் அடித்து இன்ஜின் அடியில் விரிசல் விட்டால் உடனே இன்ஜினை அணையுங்கள். பைக்கை மறுபக்கம் சாய்த்து ஒழுக்கை நிறுத்தி, இடத்தைப் பெட்ரோலில் துடைத்து, காய்ந்ததும் எம்-சீல் பூசுங்கள். குளிரில் அது இறுக நேரமாகும், அவசரப்படாதீர்கள். பிறகு ஆயிலை நிரப்பி மெதுவாக ஓட்டலாம்.

பெட்ரோல் டேங்க் லீக்: நம்ம ஊர் மெக்கானிக்குகளின் பழைய வைத்தியம்தான், பார் சோப்பு! லீக் ஆகும் இடத்தில் சோப்பை அழுத்தித் தேய்த்தால் தற்காலிகமாக அடைபடும். இன்ஜின் ஆறிய பிறகு செய்யுங்கள். பக்கத்தில் யாரும் சிகரெட் பற்றவைக்கக் கூடாது.

பிரேக்: நீண்ட இறக்கத்தில் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினால், பிரேக் ஆயில் சூடாகிவிட்டது. நிறுத்தி ஆறவிடுங்கள், சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுத்த இறக்கத்தில் சின்ன கியரில், இன்ஜின் பிரேக்கிங்கில் இறங்குங்கள்.

பையில் என்னென்ன இருக்கணும்?

டூல்ஸ்: பைக்கோடு வந்த டூல் கிட், ஆலன் கீ செட், ப்ளக் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், உங்க பைக்கின் இரண்டு ஆக்ஸில் நட்டுக்கும் பொருந்தும் ஸ்பேனர், டயர் லீவர் 3, பிரஷர் கேஜ், பம்ப், தலையில் மாட்டும் டார்ச். ஆக்ஸில் ஸ்பேனரைத்தான் பலரும் மறந்துவிடுவார்கள். கம்பெனி கிட்டில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கைப் பம்ப்பும் ஒன்று இருந்தால் நல்லது. பேட்டரி செத்தால் எலெக்ட்ரிக் பம்ப்பும் ஓடாது.

ஸ்பேர்: கிளட்ச் வயர், ஆக்ஸிலேட்டர் வயர், ட்யூப் 2, பஞ்சர் கிட், ஸ்பார்க் ப்ளக், ஃப்யூஸ் செட், செயின் லாக், லீவர்கள், பிரேக் பேடு ஒரு செட், ஏர் ஃபில்டர், இன்ஜின் ஆயில் 1 லிட்டர், கலவையான நட்டு போல்ட்டுகள்.

ஒப்பேத்துற சாமான்: கேபிள் டை, கட்டுக்கம்பி, டக்ட் டேப், எம்-சீல், இன்சுலேஷன் டேப், பழைய ட்யூபில் வெட்டிய ரப்பர் பட்டைகள், பத்து மீட்டர் கயிறு.

'இவ்ளோ எடையா?' என்று தோன்றும். குரூப்பாகப் போனால் பிரித்துக்கொள்ளலாம். நான்கு பேருக்கு நான்கு பம்ப் தேவையில்லை. முடிந்தவரை ஒரே மாடல் பைக்குகளாகப் போனால் ஸ்பேரும் ஒரே செட் போதும். டூல் பையை யாரிடம் கொடுக்கணும் தெரியுமா? கடைசியில் வருபவரிடம். முன்னால் போகிறவரிடம் இருந்தால், பின்னால் பைக் நின்றது தெரியாமலே அவர் 30 கி.மீ போயிருப்பார். கூப்பிட சிக்னலும் இருக்காது.

பெட்ரோல் கணக்கையும் போடுங்கள். 15 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 30 கி.மீ என்றால் 450 கி.மீ வரும். ஏற்றம், லக்கேஜ், சின்ன கியர் எல்லாம் சேர்ந்து மைலேஜ் 25-க்கு இறங்கினால் 375 கி.மீ-தான். நூலிழை வித்தியாசம். 5 லிட்டர் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலுக்கான கேனில்தான் எடுக்கணும், தண்ணீர் பாட்டிலில் கூடாது. உயரத்தில் கேன் உப்பும் என்பதால் கழுத்துவரை நிரப்பாமல், திறக்கும்போது மூடியை மெதுவாகத் திருகுங்கள். சென்னையிலிருந்து ரயிலில் பைக்கை பார்சல் போடுபவர்கள், டேங்கைக் காலியாகத்தான் அனுப்ப முடியும். இறக்கியதும் முதல் வேலை பெட்ரோல் போடுவதுதான்.

காரில் போறவங்களுக்கு...

ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. ஜாக்கி மணலில் புதையும். அடியில் வைக்க ஒரு கனமான பலகை வேணும். டோ ஹூக் எங்கே இருக்கிறது, எங்கே மாட்டணும் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஜம்ப் ஸ்டார்ட் வரிசை இதுதான்: சிவப்பு கேபிள் செத்த பேட்டரியின் ப்ளஸ், அடுத்து நல்ல பேட்டரியின் ப்ளஸ். கறுப்பு கேபிள் நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசி முனை நின்றுபோன காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதி. 5,000 மீட்டர் உயரத்தில் வெறும் தண்ணீர் சுமார் 83 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீரை நம்பாமல் சரியான கூலன்ட் வையுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

உதவி எங்கே கிடைக்கும்?

மற்ற மாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. குரூப்பில் இரண்டு பேரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து சாட்டிலைட் போன் வாங்கிவந்து பந்தா காட்டலாம் என்று நினைக்காதீர்கள். அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் சட்டப்படி குற்றம். தினமும் கிளம்பும் முன், 'இன்னைக்கு இங்கிருந்து இங்க, நாளைக்கு இத்தனை மணிக்குள்ள போன் வரலைன்னா தேடுங்க' என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள்.

வழியில் சர்ச்சு, பாங் போன்ற இடங்களில் தாபாக்களும் கூடாரங்களும் சீசனில் இருக்கும். ராணுவ முகாம்களில் அவசர மருத்துவ உதவி கேட்கலாம். சாலையைப் பராமரிக்கும் எல்லைச் சாலைகள் அமைப்பின் ஊழியர்களுக்கு எந்த இடம் அடைபட்டிருக்கிறது என்று தெரியும். லாரிக்காரர்கள் பலரும் கை காட்டினால் நிறுத்துவார்கள். காலி லாரியோ பிக்கப்போ கிடைத்தால் வாடகையைப் பேசிவிட்டு ஏற்றுங்கள். பைக்கின் முன்சக்கரத்தைக் கேபின் சுவரோடு முட்டவைத்து, இரண்டு பக்கமும் கயிறு கட்டணும்.

நம்ம ஊரில் பெட்ரோல் தீர்ந்தால், பின்னால் வரும் பைக்கில் இருந்து காலை நீட்டித் தள்ளிக்கொண்டே போவோமே, அதை மலைச்சாலையில் செய்யாதீர்கள். ஒரு பக்கம் பள்ளம், அடியில் சரளைக்கல். ஒரு பைக் பிரச்னை இரண்டு ஆள் பிரச்னை ஆகிவிடும்.

இன்ஷூரன்ஸில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருக்கிறதே என்பவர்கள், எத்தனை கிலோமீட்டர் வரை, எந்தப் பகுதி வரை என்ற நிபந்தனையைப் படித்துப் பாருங்கள். மணாலியில் வாடகைக்கு எடுத்த பைக்கை வைத்துக்கொண்டு லே போய், அங்கிருந்து பாங்காங், நுப்ரா சுற்ற உள்ளூர்க்காரர்கள் அனுமதிப்பதில்லை. அதற்கு லேவில்தான் வாடகைக்கு எடுக்கணும். எங்கே எடுத்தாலும் பைக்கைச் சுற்றி வீடியோ எடுத்துவிட்டு, ஸ்பேர் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணி வாங்குங்கள்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை

இதையெல்லாம் படித்தால் மட்டும் கை பழகாது. ட்ரிப்புக்கு ஒரு மாதம் முன்னாடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்க வழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் போங்க. 'அண்ணே, நீங்க பாருங்க, நான் கழட்டுறேன்' என்று சொல்லி, பின்வீலைக் கழற்றி, ட்யூபை மாற்றி, திரும்ப மாட்டுங்கள். கிளட்ச் வயரை மாற்றுங்கள். ப்ளக்கைக் கழற்றி மாட்டுங்கள். அங்கே எந்த ஸ்பேனர் தேவைப்பட்டதோ, அதுதான் உங்க லிஸ்ட். அடுத்த வாரம், முழு லக்கேஜோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஒரு தடவை ஏறி இறங்கிப் பாருங்கள். லூஸாக இருக்கிற நட்டு, உரசுகிற ஒயர், நழுவுகிற பை எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

கொல்லிமலை அடிவாரத்தில் கழன்ற நட்டை டீ குடித்துக்கொண்டே முறுக்கிக்கொள்ளலாம். அதே நட்டு பாங் தாண்டிக் கழன்றால், அந்த நாளே போய்விடும். ஸ்பேனர் வாங்க இந்த வாரம் கடைக்குப் போகும்போது, அந்த வித்தியாசத்தை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. ஹேப்பி ரைடிங்!